டேப்பின் இடது பக்கம்

எங்கள் ஊரில் எந்தப் பொருள் கெட்டுப்போனாலும் காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. மிக்ஸி ஓடவில்லையா, உப்புக் காத்து. டிவி ரிமோட்டில் பட்டன் வேலை செய்யவில்லையா, உப்புக் காத்து. புது பைக்கின் சைலன்சர் ஒரே மழைக்காலத்தில் ஓட்டை விழுந்ததா, அதற்கும் அதேதான். மரக்காணத்துக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நான் பிறந்தது மேற்கே உள்ளே தள்ளி, நெல்லும் கரும்பும் போடுகிற ஊர். அங்கே ஃபேன் நின்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். இங்கே ஃபேன் நின்றால் கடலைத் திட்டுகிறார்கள்.

போகப்போக நானும் அதே கட்சியில் சேர்ந்துவிட்டேன். எனக்கு வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிற வேலை. ராத்திரி எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்காவிட்டால் காலையில் ஊசி பழுப்பேறியிருக்கும். அளவு கொடுக்க வருகிற பெண்களுக்கெல்லாம் நான் இலவசமாக வைத்தியம் சொல்வேன். சார்ஜர் ஓட்டையைக் காய்ந்த டூத் பிரஷ்ஷால் தேய், ரிமோட்டுக்கு பாலிதீன் கவர் போடு, போன் நனைந்தால் அரிசி டப்பாவுக்குள் வை என்று. எல்லாம் யாரிடமோ கேட்டதுதான். பாதி பலிக்கும், பாதி பலிக்காது. பலிக்காவிட்டாலும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள், உப்புக் காற்று இருக்கவே இருக்கிறது.

அதனால்தான் என் வீட்டுக்காரருக்குப் பார்வையில் கோளாறு வந்தபோது நாங்கள் டேப்பை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது. அவருக்கு இடது பக்கம் தெரியாமல் போயிருந்தது. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த மாதங்கள் முழுக்க அவர் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டிக்கொண்டிருந்தார். 

டேப் என்றால் அளவெடுக்கிற டேப் இல்லை, பெரிய போன் மாதிரி இருக்கிற டேப்லெட், என் தம்பி அனுப்பியது. அவன் துபாயில் ஏசி மெக்கானிக். ஊருக்கு வந்த கோட்டக்குப்பம் நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். வந்த அன்றே அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் நான் தைத்த துணிப்பை, எல்லாம் போட்டாயிற்று. என் வீட்டுக்காரருக்கு அதில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், கேரம். உப்பளத்தில் பாத்தி குத்தகைக்கு எடுத்து வேலை செய்கிறவர் அவர். கல்யாணத்துக்கு முன்னால் ஊர் இளைஞர் மன்றத்து கேரம் போர்டில் அவரை ஜெயிக்க ஆள் இல்லை என்று அவரே சொல்வார். டேப்பில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிற வசதி இருந்தது. ஸ்டூலில் டேப்பைப் படுக்க வைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, விரலால் ஸ்ட்ரைக்கரை இழுத்து விட வேண்டும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கேரம் என்றால் பவுடர் வேண்டாமா, விரல் நகம் வலிக்க வேண்டாமா, சின்னப் பிள்ளை விளையாட்டாக இருக்கிறது என்றேன். அவர் கட்சி வேறு. "போர்டு ஊறிப் போகாது, ஸ்ட்ரைக்கர் தொலையாது, நீ காயைக் கையால தள்ளிட்டு இல்லன்னு சாதிக்க முடியாது" என்றார். கடைசிக் காரணம் கொஞ்சம் உண்மை. அதனால் நானும் உட்கார்ந்தேன்.

வெயில் காலத்தில் ஒருநாள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் தலைவலி என்று பாதியில் வீட்டுக்கு வந்து படுத்தார். வெள்ளை உப்பில் வெயில் அடித்துத் திரும்பும்போது யாருக்கும் தலை வலிக்கும். மோர் கொடுத்தேன், ஈரத்துணியை நெற்றியில் போட்டேன், தூங்கினார். மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அதை நாங்கள் ஒரு சங்கதியாகவே நினைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் டேப் கெட்டது.

"உன் தம்பி குடுத்த டேப்பு லெஃப்ட் சைடு அவுட்டும்மா" என்றார்.

"இன்னாங்க அவுட்டு? நேத்து நல்லாதான இருந்துச்சு?"

"அந்தப் பக்கம் காயே இருக்கறதில்ல. திடீர்னு ஒண்ணு வந்து நிக்குது. அப்புறம் காணாமப் போயிடுது."

நான் வாங்கிப் பார்த்தேன். எல்லாக் காயும் இருந்தது. ஆடிக் காட்டினேன், எல்லாப் பக்கமும் ஓடியது. "என் கையில ஓடுதே" என்றேன். "சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. உள்ள காத்து பூந்திருக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு உறை போட்டுக் கண்ணைப் போல வைத்திருக்கிற பொருளில் காற்று எப்படிப் புகும்? தவிர, என் பிறந்த வீட்டிலிருந்து வந்த எதையும் அவர் குறை சொல்லாமல் விட்டதில்லை. சீராக வந்த பீரோவின் கதவு கிறீச்சிடுகிறது என்று இன்றுவரை சொல்கிறார். டேப்பையும் அந்தக் கணக்கில்தான் நான் வைத்தேன்.

தம்பியை வீடியோ காலில் கூப்பிட்டோம். அவன் அங்கிருந்தே வைத்தியம் ஆரம்பித்தான்.

"மாமா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பண்ணியாச்சுடா."

"அப்ப மெமரி ஃபுல்லா இருக்கும். அக்கா, தைக்கற வீடியோ எல்லாத்தையும் டெலிட் பண்ணு."

நான் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த ஜாக்கெட் டிசைன் வீடியோக்கள் போயின. கேமை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினோம். அப்டேட் போட்டோம். மேலே ஒட்டியிருந்த கண்ணாடியை உரித்தோம். ஒவ்வொன்றும் செய்து முடித்ததும் இரண்டு ஆட்டம் நன்றாக ஆடுவார், "சரியாயிடுச்சு" என்பார். மூன்றாவது ஆட்டத்தில் பாக்கெட் வாயிலேயே நிற்கிற காயை விட்டுவிட்டு எங்கேயோ அடிப்பார். நான் சிரித்தால் டேப்பின் மேல் பழி விழும். எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிற பாய் கூனிமேட்டுக்காரர், நிதானமானவர். டேப்பை வாங்கி, ஏதோ ஒரு செட்டிங்கைப் போட்டு, விரலால் திரை முழுக்கக் கோடு கோடாக இழுத்துக் காட்டினார். எங்கேயும் கோடு அறுபடவில்லை. என் வீட்டுக்காரர் குனிந்து, மூக்கு முட்டுகிற மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார்.

"இப்ப நல்லாதான் இருக்குது" என்றார், சந்தேகமாக.

"டச் பக்காவா இருக்குதுண்ணே. உங்க விரலாத்தான் இருக்கும். உப்பளத்துல வேலை செய்றவங்களுக்கு விரல் காச்சுப் போயி டச் சரியா எடுக்காது. ரேஷன் கடையிலயே கைரேகை விழ மாட்டேங்குதுல்ல?"

அது நிஜம். மாதாமாதம் ரேஷன் கடை மெஷினில் அவர் ஒவ்வொரு விரலாக வைத்து வைத்து, கடைசியில் நான் போய்த்தான் வைக்க வேண்டியிருக்கும். காரணம் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து அவர் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊற வைத்தேன். ஆனால் தேய்க்கும்போதே எனக்கு ஒரு குழப்பம். அதே விரல்தானே வலது பக்கமும் ஆடுகிறது? வலது பக்கம் எடுக்கிற விரல் இடது பக்கம் ஏன் எடுக்கவில்லை? கேட்டேன். "நீ டெய்லரா, இஞ்சினியரா?" என்றார். நான் மறு கைக்கும் எண்ணெய் தேய்த்தேன்.

டேப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு மண் கரை இருக்கும். இருட்டில்கூடக் கால் தவறாத அந்தக் கரையிலிருந்து அவர் பட்டப்பகலில் இடது பக்கம் பாத்திக்குள் இறங்கி, முழங்கால் வரை உப்புத் தண்ணீரோடு வந்தார். கரை ஓரம் கரைந்துவிட்டது, நண்டு வளை வைத்திருக்கும் என்றார். கூட வேலை செய்கிறவர்கள் கரை நன்றாகத்தானே இருக்கிறது என்றார்களாம். அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு காலை முழுவதும் களிமண் அள்ளி இடது ஓரத்தை அணைத்துவிட்டு வந்தார்.

சாப்பாட்டிலும் அதே கதை. "பொரியல் செய்யலயா?" என்பார். தட்டிலேயே இருக்கும். சமையலைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து, தட்டை நகர்த்தி, "இது இன்னா, மண்ணா?" என்பேன். அவர் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பேசாமல் சாப்பிடுவார். அந்தப் பார்வையில் இருந்தது திமிர் இல்லை, திகைப்பு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஒருநாள் பாண்டிச்சேரியிலிருந்து துணி வாங்கிக்கொண்டு பைக்கில் திரும்பினோம். கூனிமேட்டைத் தாண்டியதும் ரோட்டின் இடது ஓரத்தில் ஒரு பெண் தலையில் மீன் கூடையோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். வண்டி நேராக அவளிடம் போனது. நான் போட்ட கத்தலில் அவர் வலது பக்கம் வெட்டித் திருப்பினார். அவள் கொடுத்த வசவு எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் போதுமானது. கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்திவிட்டு, "எங்கேர்ந்து வந்தா அவ?" என்றார். அவள் எங்கிருந்தும் வரவில்லை, வெகு தூரத்திலிருந்தே தெரிந்தாள். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் இடது பக்கக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். ஓரமெல்லாம் துருவேறி மங்கியிருந்தது. மறுநாள் புதுக் கண்ணாடி மாட்டினார். நானும் நிம்மதியானேன். 

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால வேளை. கூடத்தின் நடுவில் ஸ்டூல். அவருடைய இடது கைப் பக்கம் வாசல், வலது கைப் பக்கம் சமையல்கட்டு. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார். வாசல் பக்கத்துக் காய்களை நான்தான் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"எடம் மாத்து" என்றார்.

அது மன்றத்துப் பழக்கம். தோற்கிறவன் ஒரு முறை இடம் மாற்றிக் கேட்கலாம், ஜெயிக்கிறவன் மறுக்கக் கூடாது. கெட்டுப்போன வாசல் பக்கம் என் தலையில் விழட்டும் என்பது அவர் எண்ணம். டேப்பை யாரும் தொடவில்லை. நாங்கள்தான் எழுந்து எதிரும் புதிருமாக மாறி உட்கார்ந்தோம். இப்போது அவருடைய இடது கைப் பக்கம் சமையல்கட்டு.

ஆட்டம் தொடங்கியதும் வாசல் பக்கத்தில் இரண்டு காய்களை வரிசையாகப் போட்டார். முகம் மலர்ந்தது. அடுத்த அடிக்குச் சமையல்கட்டுப் பக்கத்து பாக்கெட் வாயில் ஒரு வெள்ளைக் காய், மூச்சுவிட்டால் விழுந்துவிடும் போல நின்றது. அதை விட்டுவிட்டு நடுவில் இருந்த காயை அடித்தார்.

"ஏங்க, வாயிலயே நிக்குதே, அத ஏன் உட்டீங்க?"

"எங்க நிக்குது?"

"இங்க, சமையக்கட்டுப் பக்கம்."

"பாத்தியா, இந்தப் பக்கமும் போச்சு. நான் சொன்னேன்ல, உள்ள காத்து பூந்திருக்கும்னு. இப்ப பரவுது."

"வாசல் பக்கம் இப்ப தெரியுதா?"

"அது நல்லா தெரியுதே. அது சரியாயிடுச்சு."

நான் டேப்பைப் பார்த்தேன். வாசல் பக்கம் எப்படித் தானாகச் சரியாகும்? சமையல்கட்டுப் பக்கம் எப்படித் தானாகக் கெடும்? டேப் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. அசைந்தது நாங்கள் இரண்டு பேர்தான். கோளாறு எழுந்து அவர் கூடவே வந்து உட்கார்ந்திருந்தது.

டேப்பை எடுத்துத் தரையில் வைத்தேன். "என் மூக்கையே பாருங்க, வேற எங்கயும் பாக்கக் கூடாது" என்றேன்.

"இன்னா விளையாட்டு இது?"

"பாருங்கன்னா பாருங்க."

பார்த்தார். அவருடைய இடது பக்கமாக என் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி விரல்களை ஆட்டினேன்.

"நான் கை தூக்கியிருக்கேனா?"

"இல்ல. தூக்கு, சொல்றேன்."

கையைக் கீழே இறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் எதையோ கண்டு அவர் தலையைத் திருப்பினார். அப்போதுதான் என் கை அவருக்குத் தெரிந்தது. திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

பைக் சாவியைத் தையல் மெஷின் பாபின் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். மறுநாள் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குப் போனோம். கண் டாக்டர் இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. கண் நன்றாக இருந்தால் கை ஏன் தெரியவில்லை? எந்தக் கண்ணை மூடினாலும் இடது பக்கம்தான் தெரியவில்லை என்பதைக் கவனித்து, அவர் எங்களை வேறு டாக்டரிடம் அனுப்பினார். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம் ரத்தக் குழாயில் அடைப்பு, நடந்து சில மாதம் ஆகியிருக்கும், நடுவில் எப்போதாவது பெரிய தலைவலி வந்ததா என்று கேட்டார்கள். நான் மோர் கொடுத்த நாள் ஞாபகத்துக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் அந்த டாக்டரிடம், "அப்ப டிஸ்ப்ளே நல்லா இருக்குது, உள்ள போர்டுதான் போயிருக்குதுன்றீங்க" என்றார்.

டாக்டர் சிரித்து, "ஏறக்குறைய அதுதாங்க" என்றார்.

"போர்டு மாத்த முடியாது?"

"முடியாதுங்க. இன்னொரு அடைப்பு வராம பாத்துக்கலாம். பிரஷர் ரொம்ப இருக்குது, மாத்திரைய நிறுத்தக் கூடாது. உப்பக் குறைக்கணும்."

உப்பளக்காரரிடம் போய் உப்பைக் குறைக்கச் சொன்னால் என்ன சொல்வது? பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், நாள் ஆனதால் நம்பிக்கை குறைவு, தலையை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வண்டி மட்டும் தொடவே கூடாது என்றார்கள். அதைக் கேட்டபோதுதான் அவர் முகம் செத்தது. காலையில் பஸ் ஏறும்போது கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று அவரும் நினைத்திருந்தார், நானும்தான்.

பஸ்ஸில் திரும்பினோம். பொம்மையார்பாளையம் தாண்டியபோது, "அந்த மீன்காரம்மா மேல ஏத்தியிருந்தேன்னா?" என்றார். நான் மருந்துப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

மரக்காணத்தில் இறங்கினோம். வீட்டுக்குப் போக ரோட்டைக் கடக்க வேண்டும். பாதி ரோடு வரை வண்டிகள் வலது பக்கமிருந்து வரும், அது அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்துப் பாதியில் இடது பக்கமிருந்து வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவருக்கு இடது பக்கம்தான் நடந்திருக்கிறேன். போட்டோ எடுத்தாலும் அங்கேதான், கோயிலுக்குப் போனாலும் அங்கேதான். மனைவிக்கு இடது பக்கம் என்று பெரியவர்கள் நிறுத்தி வைத்த இடம், நானும் நின்றேன். அப்படியானால் இத்தனை மாதமாக நான் அவருக்குத் தெரியவே இல்லையா? கூடவே நடந்துகொண்டு இல்லாமல் இருந்திருக்கிறேனா?

சட்டென்று அவருடைய வலது பக்கம் போய் நின்றேன். இப்போது நான் தெரிவேன். ஆனால் லாரி வந்தால்? மறுபடி இடது பக்கம் வந்தேன். அங்கே நின்றால் வண்டியை நான் பார்த்துக்கொள்வேன், ஆனால் அவருக்கு நான் இல்லை. மறுபடி வலது பக்கம் போனேன்.

"இன்னா, முட்டைக்கு எடம் தேடற கோழி மாதிரி சுத்தற?" என்றார்.

"எந்தப் பக்கம் நிக்கறதுன்னு தெரியலங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இந்தப் பக்கமே நில்லு" என்று இடது பக்கத்தைக் காட்டினார்.

"அங்க நின்னா நான் தெரிய மாட்டேனே."

"பேசிக்கிட்டே வா. இருக்கறன்னு தெரிஞ்சிடும்."

ரோட்டில் கை பிடித்து நடக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. என் இரண்டு கைகளிலும் ஸ்கேன் உறையும் மருந்துப் பையும் இருந்தன. நாங்கள் இறங்கினோம். "ஒரு வேன் வருது, போயிடுச்சு. பின்னால ஒரு ஷேர் ஆட்டோ. ரெண்டு பைக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

நடு ரோட்டில் அவர் நின்றுவிட்டார்.

"வண்டிய யாரு கேட்டா? நீ எதுனா பேசு."

அழுதுகொண்டே பேசினால் குரலில் தெரிந்துவிடும் என்று பயம். பேசாமல் இருந்தால் அவருக்கு நான் இல்லாமல் போய்விடுவேன் என்று அதைவிடப் பயம். ரோட்டைக் கடந்து முடிக்கும் வரை பேசிக்கொண்டே வந்தேன், என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை.